அப்பாவுக்கு வந்திருப்பது வயோதிக மறதி அல்ல

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"என் அப்பாவுக்கு 76 வயது. ஐந்து வாரங்களுக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடிபட்டது. அன்று மாலையே ஸ்கேன் எடுத்தோம். ஒன்றும் இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து நன்றாகத்தான் இருந்தார். இப்போது பத்து நாட்களாக எந்நேரமும் தூக்கம். இடது கால் செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியாமல் நடக்கிறார். வேட்டி கட்டத் தடுமாறுகிறார். என்னைப் பார்த்து, இறந்துபோன அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். வயசாகிவிட்டது என்று நினைத்து இரண்டொரு முறை அதட்டியும் விட்டேன். நேற்று மறுபடி ஸ்கேன் எடுத்ததில் வலது பக்கம் 'குரோனிக் சப்டூரல் ஹெமட்டோமா' என்று வந்திருக்கிறது. மண்டையில் துளை போட்டு எடுக்க வேண்டுமாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால், ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார். 'இந்த வயசில் மூளையில் கத்தி வைத்தால் அப்புறம் படுக்கைதான், மாத்திரையிலேயே கரைக்கப் பார்' என்கிறார் மாமா. முதல் ஸ்கேனில் தவறவிட்டுவிட்டார்களா? நான் கவனிக்காமல் விட்டேனா? என்ன செய்வது டாக்டர்?"

அம்மா,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்குச் சம்மதியுங்கள். தள்ளிப்போடாதீர்கள். பத்து நாளாகத் தூக்கம், கால் இழுப்பு, ஆள் அடையாளம் தடுமாறுவது எல்லாம் சேர்ந்து வந்திருப்பதால், இது பொறுத்துப் பார்க்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது. இதை நீங்கள் படிக்கும் நேரத்தில் அவரை எழுப்புவதே கஷ்டமாக இருந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ மேற்கொண்டு படிக்க வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு, நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போய்விடுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். உங்கள் மாமாவுக்கும் படித்துக் காட்டுங்கள். ஏனென்றால் அவருடைய பயம் முழுவதும் ஒரே ஒரு தவறான எண்ணத்தின் மேல் நிற்கிறது. அப்பாவின் ரத்தம் மூளைக்குள் இருக்கிறது என்று அவர் நினைக்கிறார். அது மூளைக்குள் இல்லை. மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகளுக்கு நடுவே தேங்கியிருக்கிறது. ஸ்கேனில் வந்த 'குரோனிக் சப்டூரல் ஹெமட்டோமா' என்ற பெயருக்கு அர்த்தம் அதுதான். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் உங்கள் அப்பா பிழைத்து எழுந்து நடப்பதற்கான நம்பிக்கை முழுவதும் இருக்கிறது.

மூளைக்கு மூன்று உறைகள். பள்ளிக்கூடப் பாடத்தில் படித்திருப்பீர்கள்: டியூரா மேட்டர், அரக்னாய்டு, பையா மேட்டர். மேட்டர் என்றால் லத்தீனில் தாய். இந்த உறைகளை அரபு வைத்தியர்கள் தாய் என்று அழைத்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவின் ஸ்டீபன் என்பவர் அரபு மருத்துவ நூல் ஒன்றை லத்தீனுக்குக் கொண்டுபோனபோது கடினமான தாய், மெல்லிய தாய் என்ற அந்தப் பெயர்களும் கூடவே போயின. நடுவில் இருப்பதற்கு மட்டும் சிலந்தி வலையின் பெயர்.

வெளியே இருக்கும் டியூரா, அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொண்டு வருமே ஒரு தோல், அதுபோல மண்டையோட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. ஆனால் முட்டைத் தோல்போல லேசாகக் கிழிந்துவிடாது. வெட்டுவதற்குக் கத்தி வேண்டும், மூடுவதற்குத் தையல் வேண்டும். அவ்வளவு உறுதி. இந்த உறையின் மடிப்புகளுக்குள்தான் மூளையிலிருந்து கெட்ட ரத்தம் வடிந்து போகும் பெரிய வாய்க்கால்கள் ஓடுகின்றன. மண்டையின் உச்சியில், நெற்றியிலிருந்து பிடரி வரை நேர்வகிடு எடுத்ததுபோல ஓடுவது அவற்றில் பெரியது.

நடுவில் இருக்கும் அரக்னாய்டு கண்ணாடித்தாள்போல மெல்லியது. அதற்குக் கீழே தெளிந்த தண்ணீர்போல மூளைத் தண்டுவட நீர். பெரியவர்களுக்கு எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லி இருக்கும். ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் புதிதாக ஊறி, பழையது உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். கிட்டத்தட்ட 1,400 கிராம் எடையுள்ள மூளை இந்த நீரில் மிதப்பதால்தான் தன் சொந்தப் பாரத்திலேயே நசுங்காமல் இருக்கிறது. மூன்றாவதான பையா மேட்டர் மூளையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் இறங்கி ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் ஆட்டு மூளை சமைப்பவர்களுக்கு இது தெரியும். தண்ணீரில் போட்டு, சிவப்பு நரம்போடிய மெல்லிய தோல் ஒன்றை மெதுவாக உரித்து எடுப்பார்கள். பையாவும் அரக்னாய்டும் சேர்ந்து வருவதுதான் அந்தத் தோல்.

சரி, அப்பாவுக்கு என்ன நடந்தது?

மூளையின் மேற்பரப்பிலிருந்து சின்னச் சின்ன ரத்த நாளங்கள் அரக்னாய்டைத் தாண்டி, டியூராவில் இருக்கும் அந்தப் பெரிய வாய்க்காலுக்குள் போய்ச் சேர்கின்றன. இரண்டு கரைகளையும் இணைக்கும் பாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இளம் வயதில் மூளை மண்டையோட்டை நிறைத்துக்கொண்டிருக்கும், பாலம் நீளமாக இருக்கத் தேவையில்லை. வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். இது நோயில்லை, முகத்தில் சுருக்கம் விழுவதுபோலத்தான். ஆனால் மூளை சுருங்கினால் மண்டையோடு சுருங்காது. இடைவெளி கூடுகிறது, பாலங்கள் இழுத்துக் கட்டியதுபோல விறைப்பாகின்றன. அந்த நிலையில் தலையில் ஓர் அதிர்ச்சி போதும். பெரிய அடியே வேண்டியதில்லை. கார் கதவில் இடித்துக்கொண்டது, கட்டிலிலிருந்து எழும்போது சுவரில் மோதியது என்று வருபவர்களும் உண்டு. எப்போது அடிபட்டது என்றே நினைவில்லாதவர்களும் நிறையப் பேர். உங்கள் அப்பா ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறவர். பாலத்தில் விழுந்த சின்னக் கீறல்கூட அவருக்குச் சீக்கிரம் அடைபடாது.

முதல் ஸ்கேனில் தவறவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தைப் பார்க்காமல் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அன்று மாலை உண்மையிலேயே அங்கே ஒன்றும் தெரியாமல் இருந்திருக்க முழு வாய்ப்பு உண்டு. இது தமனி வெடித்துப் பீய்ச்சும் ரத்தம் இல்லை. சிரையிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிவது. முதல் நாள் காகிதத் தடிமனுக்கு இருந்திருக்கலாம். அல்லது ரத்தமே இல்லாமல், அரக்னாய்டில் ஒரு கிழிசல் வழியாக மூளை நீர் மட்டும் மேலேறி வந்து, பிற்பாடு அதற்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். இரண்டும் நடக்கும்.

கசிந்த ரத்தம் அப்படியே வற்றிப்போனால் பிரச்சினை இல்லை. பலருக்கு வெளியே தெரியாமல் வற்றியும் விடுகிறது. சிலருக்கு அந்த இடத்தில் உடம்பு ஒரு புண்ணை ஆற்றுவதுபோல வேலை செய்ய ஆரம்பிக்கிறது. ரத்தத்தைச் சுற்றிப் புதிதாக ஒரு சவ்வைக் கட்டுகிறது. அந்தச் சவ்வில் புது ரத்த நாளங்கள் முளைக்கின்றன. அவசரத்தில் முளைத்தவை, சுவர் பலமில்லாதவை. அவையே கசிய ஆரம்பிக்கின்றன. உள்ளே தேங்கிய ரத்தம் உறையவும் விடாமல் கரைத்துக்கொண்டே இருக்கும் பொருட்கள் அங்கே சுரக்கின்றன. இப்படி ஒரு சுழல். ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1857இல் இந்தச் சவ்வைப் பார்த்துவிட்டு, இது டியூராவின் அழற்சி என்று எழுதினார். அடிபட்டதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று பின்னால் வந்தவர்கள் அவரை ஒதுக்கினார்கள். ஆனால் அந்தச் சவ்வில் அழற்சி இருக்கிறது என்பது இன்று எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

அடிபட்டு மூன்று, நான்கு, ஆறு வாரங்கள் கழித்துத் தொந்தரவு ஆரம்பிப்பது இதனால்தான். அதுவரை சுருங்கிய மூளை விட்டுக்கொடுத்த இடத்தில் ரத்தம் சத்தமில்லாமல் சேர்கிறது. இடம் தீர்ந்ததும் மூளையை அழுத்துகிறது. வலது பக்கம் அழுத்துவதால் இடது கால் செருப்பு கழல்கிறது, வேட்டியை இழுத்துச் செருக இடது கை ஒத்துழைக்கவில்லை.

நீங்கள் அவரை அதட்டியதை நினைத்து வருந்தியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அதுதான். இந்த நோய் மறதிபோல, பக்கவாதம்போல, மனச்சோர்வுபோல, வெறும் சோம்பல்போலக் கூட வேஷம் போடும். மருத்துவர்களே ஏமாந்திருக்கிறோம். முதுமை மறதி என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்த பிறகு ஸ்கேன் எடுத்து இதைக் கண்டுபிடித்த கதைகள் எங்கள் துறையில் எல்லோரிடமும் உண்டு. முதுமை மறதி வருஷக்கணக்கில் மெதுவாக வரும். போன மாதம் வரைக்கும் கணக்கு வழக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் பத்து நாளில் ஆள் மாறிப் பேசினால் அது வயசு இல்லை. நீங்கள் பத்தாவது நாளே ஸ்கேன் எடுத்துவிட்டீர்கள். அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

2024 அக்டோபரில் பிரேசில் அதிபர் லூலா ட சில்வா தன் மாளிகையின் குளியலறையில் விழுந்தார். பின்மண்டையில் அடி, ஐந்து தையல். ரஷ்யாவில் நடந்த மாநாட்டுப் பயணத்தை ரத்து செய்தார், அப்புறம் வழக்கமான வேலைகளுக்குத் திரும்பிவிட்டார். ஏழு வாரம் கழித்து, டிசம்பர் 9ஆம் தேதி தலைவலி. ஸ்கேனில் ரத்தக் கசிவு. இரவோடு இரவாகத் தலைநகரிலிருந்து சாவ் பாவ்லோவுக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். அப்போது அவருக்கு 79 வயது. 15ஆம் தேதி மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தார், மீண்டும் நாட்டை நடத்தப் போனார். மருத்துவர்கள் சூழ இருக்கும் ஒரு நாட்டின் அதிபருக்கே விழுந்ததற்கும் ஆபரேஷனுக்கும் நடுவே ஏழு வாரம் ஆகியிருக்கிறது. உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள இதில் எதுவும் இல்லை.

இப்போது மாமாவின் 'மூளையில் கத்தி' விஷயம். நம் ஊரில் தேரையர் கதை எல்லோருக்கும் தெரியும். ராஜாவின் தலைக்குள் புகுந்த தேரையை, அகத்தியர் கபாலத்தைத் திறந்து வைத்திருக்க, சீடன் தண்ணீர்ப் பாத்திரத்தைக் காட்டித் துள்ளி வெளியே குதிக்க வைத்த கதை. மூளையைத் தொடாமல் உள்ளே இருப்பதைத் தானாக வெளியே வர வைத்ததுதான் அந்தக் கதையின் சாமர்த்தியம். அப்பாவுக்கு நடக்கப்போகும் ஆபரேஷனை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

முடியை மழித்து, தோலில் ஒன்றிரண்டு இடங்களில் சின்ன வெட்டு. எலும்பில் நாணய அளவுக்கு ஒரு துளை, சில சமயம் இரண்டு. துளைக்குக் கீழே டியூரா தெரியும். வழக்கமாக அது முத்து வெண்மையில் இருக்கும், இவர்களுக்கு நீலம் பாரித்திருக்கும். அதைக் கூட்டல் குறிபோலக் கீறினால், பழைய எஞ்சின் ஆயில் நிறத்தில் தேங்கியிருந்த ரத்தம் அழுத்தத்தோடு தானே வெளியே வரும். மிதமான சூட்டில் சலைன் விட்டுக் கழுவுவோம், தெளிந்த நீர் திரும்பி வரும்வரை. மென்மையான ஒரு குழாயை வைத்துவிட்டுத் தோலைத் தைத்துவிடுவோம். கத்தி போகும் ஆழம் டியூராவோடு முடிகிறது. மூளையை நாங்கள் வெட்டுவதில்லை. அமுக்கிக்கொண்டிருந்த பாரம் இறங்கியதும் அது மெதுவாக எழும்பி வருவதைத் துளை வழியாகவே பார்க்கலாம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனசு நிறைகிற காட்சி அது.

முழு மயக்கம் கொடுக்கத் தயங்கும் நிலையில் இருந்தால் தோலை மட்டும் மரத்துப்போக வைத்தும் இதைச் செய்ய முடியும். மூளைக்கு வலி தெரியாது. வலி தெரிவது டியூராவுக்கும் தோலுக்கும்தான். உங்கள் அப்பாவின் இதயத்தைப் பார்த்து எது சரி என்று மயக்க மருத்துவர் முடிவு செய்வார்.

அந்தக் குழாயைப் பற்றிக் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு நாள் வைத்திருந்து எடுத்துவிடுவார்கள். இது சாதாரண விஷயமாகத் தெரியும், ஆனால் பெரிய வித்தியாசம் செய்கிறது. பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் 215 நோயாளிகளை வைத்துச் செய்து 2009இல் வெளிவந்த ஆய்வில், குழாய் வைக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்கு ரத்தம் மறுபடி சேர்ந்து ஆபரேஷன் தேவைப்பட்டது. குழாய் வைத்தவர்களில் 9.3 சதவீதம் பேருக்கு மட்டும்தான்.

மாத்திரையிலேயே கரைக்க முடியாதா? நாங்களும் அதை ஆசைப்பட்டுப் பார்த்தோம். அழற்சிதான் காரணம் என்றால் ஸ்டீராய்டு கேட்க வேண்டுமே என்று டெக்ஸாமெத்தசோன் பல வருஷம் கொடுக்கப்பட்டது. பிரிட்டனில் 700க்கும் மேற்பட்டவர்களிடம் முறையாகச் சோதித்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். மறு ஆபரேஷன் குறைந்தது உண்மை. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ஸ்டீராய்டு எடுத்தவர்கள் மற்றவர்களைவிட மோசமாகத்தான் இருந்தார்கள், பக்க விளைவுகளும் அதிகம். தொந்தரவே இல்லாமல், மெல்லிய கசிவாக இருப்பவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே காத்திருக்கலாம். கால் இழுத்து, ஆள் மயங்கும் உங்கள் அப்பா அந்த வகை இல்லை.

இன்னொரு வழியும் வந்திருக்கிறது. அந்தப் புதுச் சவ்வுக்கு ரத்தம் கொண்டுபோவது டியூராவுக்கு உரிய ஒரு தமனி. தொடை அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை அனுப்பி அதை அடைத்துவிட்டால் கசிவுக்கு வரும் தண்ணீரை மடையிலேயே கட்டியதுபோல. லூலாவுக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு நாளில் இதைத்தான் செய்தார்கள். 2024இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஆபரேஷனோடு இதையும் சேர்த்தவர்களில் 4.1 சதவீதம் பேருக்கும், ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் 11.3 சதவீதம் பேருக்கும் ரத்தம் மறுபடி சேர்ந்து மறு ஆபரேஷன் தேவைப்பட்டது. எல்லா ஊரிலும் இது கிடையாது, செலவும் அதிகம். ஸ்டென்ட் மாத்திரையை ரொம்ப நாள் நிறுத்த முடியாதவர்களுக்கு யோசிக்கத் தகுந்தது என்பது என் எண்ணம். உங்கள் ஊரில் இல்லையென்றால் அதற்காக ஆபரேஷனைத் தாமதப்படுத்த வேண்டாம்.

அந்த மாத்திரைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பயத்தில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வழக்கம்போலத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டும் இருக்காதீர்கள். ஸ்டென்ட் வைத்து எத்தனை வருஷம் ஆகிறது, எந்த வகை என்பதையெல்லாம் பார்த்து, இதய மருத்துவரும் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணரும் இன்றே பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. எப்போது திரும்ப ஆரம்பிப்பது என்பதையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரத்தம் மறுபடி சேரலாம். உறையைத் திறப்பதால் கிருமித் தொற்றுக்கு ஒரு சின்ன வாய்ப்பு உண்டு. வலிப்பு வரலாம், புதிதாக ரத்தம் கசியலாம். 76 வயதில், இதய நோயோடு, படுக்கையில் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டுவதும் கவலைதான். அதனால் டாக்டர் அனுமதித்ததும் எழுப்பி உட்கார வையுங்கள், நடக்க வையுங்கள். நினைவும் நடையும் பலருக்குச் சில நாட்களிலேயே திரும்புகின்றன. சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். மறுநாள் ஸ்கேனில் இன்னும் கொஞ்சம் தேங்கியிருப்பது தெரிந்தால் கலங்காதீர்கள். பல வாரம் அமுங்கியிருந்த மூளை எழும்பி அந்த இடத்தை நிரப்ப நேரம் வேண்டும். படத்தைவிட ஆள் எப்படி இருக்கிறார் என்பதுதான் முக்கியம்.

கடிதத்தின் கடைசியில், உங்கள் மகன் பைக் ஓட்டுகிறான், அவனுக்கும் இப்படி வருமா என்று கேட்டிருந்தீர்கள். இளைஞர்களிடம் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. காதுக்குச் சற்று மேலே, பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது. அங்கே விரிசல் விட்டால் உள்ளே ஓடும் தமனி அறுபட்டு, டியூராவுக்கு வெளியே, எலும்புக்கும் உறைக்கும் நடுவில் ரத்தம் சேரும். அது தமனி ரத்தம், வாரக்கணக்கு கிடையாது, மணிக்கணக்கு. விழுந்தவர் எழுந்து நன்றாகப் பேசுவார், அப்புறம் திடீரென்று சரிவார். 2009 மார்ச்சில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்குப் பயிற்சியில் விழுந்தார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினார். இரண்டு நாளில் இறந்துபோனார், 45 வயது. ஹெல்மெட்டின் கொக்கியை மாட்டச் சொல்லுங்கள். தலையில் அடிபட்ட பிறகு தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வாந்தி வந்தாலோ, 'பேசிக்கொண்டுதானே இருக்கிறான்' என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.

செலவு பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் எழுதாமல் விட்டவர்கள் மனசில்தான் அது அதிகம் இருக்கும். நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது அன்றாடம் நடக்கும் ஆபரேஷன். அங்கே போவதற்குத் தயங்காதீர்கள்.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த சீட்டையும், ஐந்து வாரத்துக்கு முந்தைய முதல் ஸ்கேன் படத்தையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவர்களுக்கு உதவும். காலையிலேயே ஆபரேஷன் என்று சொன்னாலும் சொல்வார்கள். அவர்கள் எப்போது நிறுத்தச் சொல்கிறார்களோ அதற்குப் பிறகு அவருக்குக் கஞ்சிகூடக் கொடுக்காதீர்கள்.